இருவர் டென்ட்: எடைக்கு முன் அகலத்தைப் பாருங்கள்

டென்ட்டின் பையில் "இருவருக்கானது" என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம். நடைபயணத்துக்கென்று குறைந்த விலையில் வரும் எடை குறைந்த டென்ட்டுகள் பலவற்றில் தரை அகலம் 120 முதல் 130 சென்டிமீட்டர்தான் இருக்கும். சாதாரண ஸ்லீப்பிங் மேட் ஒன்றின் அகலம் 51 செ.மீ. இரண்டு போட்டால் 102. மிச்சம் ஒரு சாண் அளவு. அகலமான 64 செ.மீ. மேட் இரண்டு என்றால் 128 ஆகிவிடும். அவற்றை 125 செ.மீ. தரையில் விரித்தால் ஒன்று சுவர்மேல் ஏறி நிற்கும். அந்தப் பக்கம் படுப்பவரின் ஸ்லீப்பிங் பேக் விடியும்வரை ஈரத்துணியை உரசிக்கொண்டே இருக்கும். தலைமாட்டில் 130 இருந்து கால்மாட்டில் 110 ஆகக் குறுகும் டென்ட்டுகளும் உண்டு. விற்பனை விவரத்தில் பெரும்பாலும் பெரிய எண் மட்டுமே முன்னால் தெரியும். தரையின் வரைபடம் இருந்தால் இரண்டு முனைகளையும் பாருங்கள்.

நீளத்துக்கு ஒரு கணக்கு போதும்: இருவரில் உயரமானவரின் உயரத்தோடு 30 செ.மீ. கூட்டுங்கள். சரிந்து இறங்கும் சுவரும், ஸ்லீப்பிங் பேக்கின் பருமனும், தலைக்குமேல் வைக்கும் சில்லறைப் பொருட்களும் அந்த 30 செ.மீ.யைத் தின்றுவிடும். 180 செ.மீ. உயரமுள்ளவருக்கு 210 செ.மீ. தரை நெருக்கம்தான், ஆனால் சமாளிக்கலாம். உள் உயரம் 100 செ.மீ. இருந்தால் பெரும்பாலோர் தலை இடிக்காமல் நிமிர்ந்து உட்காரலாம். அந்த 100 எங்கே இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வாசல் பக்கம் மட்டும் உச்சியும், அதற்குப் பின் சரிவுமாக இருந்தால் ஒருவர் உட்காரும்போது மற்றவர் படுத்தே இருக்க வேண்டியதுதான்.

இனி எடை. தயாரிப்பாளர்கள் இரண்டு எண் தருவார்கள். ஒன்று, உள்கூடு (நாம் படுக்கும் உள் அறை), மேல்துணி (அதன்மேல் மழைக்காகப் போர்த்தும் வெளித்துணி), கம்பங்கள் மட்டும். மற்றது முளைகள், இழுகயிறுகள், பைகள் எல்லாம் சேர்ந்தது. இரண்டுக்கும் இடையே 200 முதல் 400 கிராம் வரை வித்தியாசம் வரலாம். டென்ட்டுக்கு அடியில் போடும் தரைவிரிப்பும் சேர்ந்தால் இன்னும் கூடும். முதுகில் ஏறப்போவது இரண்டாவது எண்தான், ஒப்பிடும்போது அதையே ஒப்பிடுங்கள். இருவர் போகும்போது சுமையும் இரண்டாகும் என்பது நல்ல செய்தி: ஒருவர் துணியையும் மற்றவர் கம்பங்களையும் முளைகளையும் எடுத்துக்கொண்டால், 1.8 கிலோ டென்ட் ஆளுக்குச் சராசரியாக 900 கிராம்தான். அதனால் 300 கிராம் குறைக்கப் பெரும்பணம் கொடுப்பதைவிட, 10 செ.மீ. கூடுதல் அகலம் தரும் டென்ட்டை வாங்குவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

அமைப்பில் மூன்று வகை. குறுக்காக இரண்டு கம்பம் போட்டுத் தானாக நிற்பவை பாறையிலும் மணலிலும் உதவும். எடை கூடுதல், குறைந்த விலையில் இரண்டு கிலோவுக்கு மேலேயே இருக்கும். அடுத்தது, ஒரு முனையில் கவையாகப் பிரியும் கம்பம் உள்ளவை. நேச்சர்ஹைக் நிறுவனத்தின் கிளவுட் அப் 2 இதற்கு நல்ல உதாரணம். துணியைப் பொறுத்து எடை ஒன்றரைக் கிலோவை ஒட்டியோ சற்று மேலேயோ வரும். கால்மாட்டு மூலைகளுக்கு முளை அடித்தே தீர வேண்டும், வாசலும் ஒன்றுதான். மூன்றாவது, தனிக் கம்பமே இல்லாமல் நடைக்கோலால் தூக்கி நிறுத்துபவை. த்ரீஎஃப் யூஎல் கியர் நிறுவனத்தின் லான்ஷான் 2 இந்த வகை. அதற்கு இரண்டு நடைக்கோல் வேண்டும், இரு பக்கமும் வாசல் உண்டு, எடை ஒன்றேகால் கிலோவை ஒட்டி இருக்கும். நடைக்கோலை எப்படியும் எடுத்துச் செல்பவருக்கு, கொடுக்கும் காசுக்கு இதைவிடக் குறைந்த எடை கிடைப்பது அரிது. ஆனால் முளை பிடிக்காத தரையில் இது நிற்காது. கல் தரையில் கயிற்று முனையைச் சிறு கல்லில் சுற்றி, அதன்மேல் பெரிய கல்லை ஏற்றிக் கட்டப் பழகிக்கொள்ள வேண்டும்.

ஒரு வாசலா இரண்டா என்பது எடைக் கேள்வியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. ஒரே வாசல் தலைமாட்டில் இருந்தால் இருவரும் தவழ்ந்து வெளியேறலாம், யாரையும் தாண்ட வேண்டாம். பக்கவாட்டில் ஒரே வாசல் என்றால் உள்ளே படுத்தவர் நள்ளிரவில் மற்றவர்மேல் ஏறித்தான் போக வேண்டும். மழை நாளில் இன்னொன்றும் தெரியவரும்: மேல்துணியின் ஜிப்பைத் திறந்ததும் உள்தரைமேல் நேராகத் தண்ணீர் சொட்டுகிறதா என்பது. ஜிப் சரிந்து உள்கூட்டின் மேலாக ஓடினால் சொட்டும். இதைப் படத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

துணியில் நைலானும் பாலியஸ்டரும் கிடைக்கும். அதே தடிமனில் நைலான் வலுவானது, ஆனால் தண்ணீரை உறிஞ்சித் தொய்யும். மழையில் இறுக்கிக் கட்டிய நைலான் டென்ட் ஒரு மணி நேரத்தில் தளர்ந்து நிற்பது இதனால்தான். தூங்கப் போவதற்கு முன் கயிறுகளை ஒருமுறை இறுக்கிவிடுங்கள். பாலியஸ்டர் அவ்வளவாகத் தொய்யாது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். டெனியர் என்பது இழையின் தடிமன். 20 டெனியர் எடைக்கும் வலுவுக்கும் நல்ல நடுநிலை. 210T என்று போட்டிருப்பது ஒரு சதுர அங்குலத்தில் உள்ள இழைகளின் எண்ணிக்கை, அதை டெனியரோடு ஒப்பிட முடியாது. நீர் தாங்கும் அளவு மில்லிமீட்டரில் இருக்கும். மேல்துணிக்கு 1500 போதும். தரைக்கு 3000 இருப்பது நல்லது, ஏனென்றால் முழங்கால் ஊன்றும் இடத்தில் ஈரமண்ணின் தண்ணீர் அழுத்தத்தோடு மேலே வரும்.

கம்பம் அலுமினியமாக இருக்க வேண்டும். 7001 அல்லது 7075 என்ற கலவை எண் போட்டிருந்தால் நிம்மதி. ஃபைபர்கிளாஸ் விலை குறைவு, ஆனால் கனம். நீளவாக்கில் பிளந்து துணியையும் கிழிக்கும். அலுமினியக் கம்பம் உடைவதற்குப் பெரிய காரணம் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று முழுதாக இறங்காமல் வளைப்பது. ஒவ்வொரு இணைப்பையும் கையால் தள்ளி உறுதிசெய்துவிட்டு வளையுங்கள். துணிக்குழாய்க்குள் கம்பத்தை எப்போதும் தள்ள வேண்டும். இழுத்தால் இணைப்புகள் கழன்றுவிடும். கம்பத்தைவிடச் சற்றே அகலமான, 12 செ.மீ. நீள உலோகக் குழாய் ஒன்றையும் டேப்பையும் பையில் போட்டுவையுங்கள். உடைந்த இடத்தில் அதைச் செருகி டேப் சுற்றினால் பயணம் முடியும்வரை தாங்கும்.

"டென்ட் ஒழுகுகிறது" என்ற புகார்களில் பாதிக்கு மேல் ஒழுகலே இல்லை என்று சொல்வேன். இருவரின் மூச்சும் வியர்வையும் ஈரமாகி, குளிர்ந்த மேல்துணியில் பட்டுத் துளிகளாகக் கோர்க்கின்றன. காற்றடித்துத் துணி அதிரும்போது அவை முகத்தில் விழுகின்றன. மேல்துணிக்கும் உள்கூட்டுக்கும் இடையே ஓர் உள்ளங்கை இடைவெளி இருந்து, உள்கூடு வலையாகவும் இருந்தால், துளிகள் பெரும்பாலும் வலைமேல் வழிந்து வெளியே போய்விடும். தனி உள்கூடு இல்லாத ஒற்றைச் சுவர் டென்ட்டில் அந்தத் தடுப்பு இல்லை. இருவருக்கு, அதுவும் முதல் டென்ட்டாக, ஒற்றைச் சுவரை நான் பரிந்துரைக்கமாட்டேன். வாங்கும்போது எதிரெதிர் முனைகளில் காற்றுத் துவாரம் உள்ளதா, மேல்துணியின் விளிம்பு தரையிலிருந்து 10 செ.மீ. அளவு உயர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். கூடாரம் போடும் இடமும் சரிபாதிக் காரணம். பள்ளத்தாக்கின் அடியிலும் நீரோடைக் கரையிலும் குளிர்ந்த ஈரக்காற்று தேங்கும். இருபது முப்பது மீட்டர் மேலேறி மரத்தடியில் போட்டால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். மழை பெய்தாலும் துவாரங்களை மூடாதீர்கள்.

விலை குறைந்த டென்ட்டோடு வரும் முளைகள் பல நேரம் மெல்லிய, வளையும் கம்பிகள். மிச்சம்பிடித்த பணத்தில் முதலில் மாற்ற வேண்டியது இவற்றைத்தான். குறுக்குவெட்டில் மூன்று சிறகு கொண்ட 18 செ.மீ. அலுமினிய முளை ஒன்று சுமார் 14 கிராம். எட்டோ பத்தோ போதும். முளையின் தலை டென்ட்டைவிட்டு விலகிச் சாய்ந்திருக்கும்படி அடியுங்கள்.

அடுத்த செலவு தையல்களுக்கு. உட்புறம் பாலியூரித்தேன் பூசிய துணியில் ஆலையிலேயே தையல்மேல் டேப் ஒட்டியிருப்பார்கள். இருபுறமும் சிலிக்கான் பூசிய துணியில் அந்த டேப் ஒட்டாது, நீங்களே அடைக்க வேண்டியிருக்கலாம். கலப்பில்லாத சிலிக்கான் சீலன்ட்டை (அடைப்புப் பசை) மினரல் ஸ்பிரிட்டில் (பெயிண்ட் கரைக்கும் திரவம்) தூரிகையில் தடவும் பதத்துக்குக் கரையுங்கள். டென்ட்டை இறுக்கிக் கட்டி, வெளிப்புறத் தையல்களில் மெல்லியதாகத் தடவி, ஒரு நாள் உலரவிட்டு, ஒட்டாதிருக்க டால்கம் பவுடர் தூவுங்கள். பாலியூரித்தேன் பக்கத்தில் சிலிக்கான் பிடிக்காது, உரிந்துவிடும். அதற்கு யூரித்தேன் சீலன்ட்தான் வேண்டும்.

தரைவிரிப்பைத் தனியாக விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. டைவெக் என்ற, கட்டுமானத்தில் பயன்படும் கிழியாத செயற்கைத் துணியையோ தடித்த பாலித்தீன் தாளையோ வெட்டிக்கொள்ளலாம். உள்தரையைவிட எல்லாப் பக்கமும் 5 செ.மீ. சிறிதாக வெட்டுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேல்துணியில் வழியும் மழைநீரை வாங்கி, நேராக உங்கள் முதுகின்கீழ் கொண்டுவந்து தேக்கும்.

டென்ட் கைக்கு வந்ததும் திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் முழுதாகக் கட்டிப்பாருங்கள். தராசில் எடை போடுங்கள். எல்லா ஜிப்பையும் வளைவுகளில் மெதுவாக ஓட்டுங்கள். துணியைக் கடிக்கும் ஜிப் காட்டில் திருந்தாது. கயிறு கட்டும் வளையங்களின் தையலை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். திருப்பி அனுப்பப்போவதில்லை என்று முடிவானபின், குழாய்த் தண்ணீரைக் கால் மணி நேரம் மேலே தெளித்து, உள்ளே விரலால் தையல்களைத் தடவிப் பாருங்கள். பிறகு நன்றாக உலர்த்துங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிப்பதோடு பாலியூரித்தேன் பூச்சும் சிதைந்து பிசுபிசுத்து நாறத் தொடங்கும், அதை மீட்க முடியாது. வீட்டில் இருக்கும்போது அந்தச் சின்னப் பைக்குள் திணிக்காமல், பெரிய பருத்திப் பையில் தளர்வாகப் போட்டு வையுங்கள்.