பூமலையில் புழுப்பாம்பு, கெண்ட் ரிட்ஜில் எலும்பு

காலில்லாமல் மண்ணுக்குள் வாழும் ஊர்வன பார்க்கச் சிங்கப்பூரில் அடர்காட்டுக்குப் போக வேண்டியதில்லை. இரவு கனமழை கொட்டிய மறுநாள் விடியலில் பூமலைக்கு, அதாவது தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். காலை 5 மணிக்கே திறந்துவிடும். வெயில் ஏறிவிட்டால் பயனில்லை.

மண்ணில் தண்ணீர் நிறைந்ததும் புழுப்பாம்பு மேலே வரும். நடைபாதை ஓரங்களையும் பூந்தொட்டிகளின் அடியையும் பாருங்கள். சுமார் 15 செ.மீ. நீளம், பென்சிலைவிட மெல்லிசு. மண்புழு என்று நினைத்துத் தாண்டிப் போவதுதான் வழக்கமான பிழை. இதற்கு வளையங்கள் கிடையாது, செதில் பளபளக்கும். நீண்டு சுருங்காமல் நெளிந்து போகும், நாக்கு எட்டிப் பார்க்கும். வால் நுனியில் சின்ன முள் உண்டு, விஷமில்லை. ஆணே இல்லாத இனம் என்பதால் ஒரே ஒரு பெண் தொட்டி மண்ணோடு கப்பலேறினாலும் போதும், போய் இறங்கிய ஊரில் வம்சம் தழைத்துவிடும். காதுக்குள் புகும் என்று ஊரில் அடித்துக் கொல்வார்கள். அது தேடுவதோ எறும்பு, கறையான்களின் முட்டையும் புழுவும்தான். கையில் எடுக்காதீர்கள், வனவிலங்குச் சட்டம் இங்கே கண்டிப்பானது.

சருகோரம் குட்டைக்கால் அரணை ஓடினால் அதையும் கவனியுங்கள். உடல் நீண்டு, கால்கள் பேருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அரணை முதற்படி, புழுப்பாம்பு கடைசிப்படி என்று ஏணி கட்டிவிடக் கூடாது. ஊர்வனவற்றில் கால் மறைந்தது ஒரு தடவையல்ல. பல கிளைகளில் தனித்தனியே நடந்தது.

பூங்கா நிலையத்திலிருந்து வட்டப்பாதை ரயிலில் ஐந்தாவது நிறுத்தம் கெண்ட் ரிட்ஜ். அங்கிருந்து பேருந்தில் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம். மூன்று டைனோசர்கள் நடுவில் நின்றால் ஒரு கேள்வி எழும்: இவ்வளவு பெரியது மிஞ்சியிருக்க, மண் தோண்டிகளின் புதைபடிவம் ஏன் அரிது? எலும்பு ஊசிபோல மெல்லியது. செத்ததும் முள்ளெலும்புகள் சிதறிவிடும். மழைக்காட்டின் அமில மண் மிச்சத்தைக் கரைத்துவிடும்.

கிடைத்தவை பெரும்பாலும் தொலைவில்தான். அர்ஜென்டினாவின் நஜாஷ் (2006இல் பெயரிடப்பட்டது) பின்னங்கால்களும் இடுப்பெலும்பும் உள்ள தரைப்பாம்பு, வயது சுமார் 9.5 கோடி ஆண்டு. அதே நாட்டின் டினிலிசியா என்ற பழங்காலப் பாம்பின் மண்டையோட்டை 2015இல் சிடி ஸ்கேன் செய்தபோது, உட்செவியின் உருண்டை வடிவம் இன்றைய மண் தோண்டும் பாம்புகளை ஒத்திருந்தது. பாம்பின் கால் போனது கடலிலா மண்ணிலா என்ற பழைய சண்டையில், என் பார்வையில், மண் கட்சிக்கு இது பலமான சாட்சி. ஆனால் தீர்ப்பு இன்னும் வரவில்லை. பிரேசிலின் போய்பெபா (2020) புழுப்பாம்புக் கூட்டத்தைச் சேர்ந்தது, நீளமோ 1 மீட்டருக்கு மேல் என்கிறார்கள். அதுவும் ஒற்றை முள்ளெலும்பை வைத்து! நமக்குப் பக்கத்தில் என்றால் மியன்மாரில் அம்பருக்குள் (கல்லாய் இறுகிய மரப்பிசின்) சிக்கிய, தலையில்லாத, 97 முள்ளெலும்புள்ள குட்டிப் பாம்புதான், சுமார் 9.9 கோடி ஆண்டு.

கால்வாய் ஓரத்தில் மலைப்பாம்பு படுத்திருந்தால் கிட்டே போகாமல் கைபேசியில் ஜூம் செய்யுங்கள். வால் தொடங்கும் இடத்தில், கழிவாயின் இருபுறமும் நகம் மாதிரித் துருத்தும் முள், பின்னங்காலின் எச்சம். உடலைச் சுருட்டியிருந்தால் அது தெரியாது; ஊர்ந்து திரும்பும்வரை காத்திருங்கள்.