19 ராத்திரி பேக்கப்

3.3.2025, திங்கள்
கணக்குப் பிரிவிலிருந்து சோதனைக்கு டேட்டாபேஸின் நகல் ஒன்று கேட்டார்கள். பேக்கப் ஃபோல்டரைத் திறந்தால் நேற்றைய கோப்பு 190 எம்பி. 2.4 ஜிபி அல்லவா இருக்க வேண்டும்? பின்னோக்கிப் பார்த்தேன். பிப்ரவரி 12 வரை ஒழுங்கு, 13லிருந்து எல்லாமே குட்டி. கிரான் (ராத்திரிதோறும் பேக்கப்பை ஓட்டிவிடும் நிரல்) ஒரு நாள்கூடப் புகார் சொல்லவில்லை. கோப்பைச் சுருக்கும் கருவியான ஜிஜிப்பின் சோதனையும் 'கோப்பு சரி' என்கிறது. ஆனால் பிரித்துக் கடைசி வரியைப் பார்த்தால், ஒரு இன்சர்ட் (தரவைச் சேர்க்கும் கட்டளை) பாதி வார்த்தையில் அறுந்து நிற்கிறது. முழுதாக முடிந்த டம்ப் (டேட்டாபேஸைக் கட்டளைகளாக எழுதி இறக்கிய கோப்பு) என்றால் கடைசியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று இருக்கும்.

30 நாள் ஆனால் பழைய கோப்பு தானாக அழிந்துவிடும். முதல் வேலையாக 12ஆம் தேதிக் கோப்பை வேறு டிஸ்க்குக்கு நகர்த்தினேன். அப்புறம்தான் காபி.

4.3.2025, செவ்வாய்
டிமெசெக்கில் (dmesg, சிஸ்டத்தின் மையமான கெர்னல் எழுதும் பதிவு) கிடைத்தது: 'அவுட் ஆஃப் மெமரி, கில்டு பிராசஸ்', அதாவது மெமரி தீர்ந்ததால் கொன்றுவிட்டது. பக்கத்திலேயே டம்ப் எடுக்கும் கருவியான மைஎஸ்க்யூஎல்டம்ப். சாகும்போது 2391204 கேபி பிடித்திருக்கிறது. மெஷினில் மொத்தமே 4 ஜிபி, ஸ்வாப் (மெமரி போதாதபோது டிஸ்க்கில் கடன் வாங்கும் இடம்) கிடையாது, டேட்டாபேஸ் சர்வர் 1.4 ஜிபியில் உட்கார்ந்திருக்கிறது. கெர்னல் அதிகம் தின்பவனைப் பார்த்துத்தான் அடிக்கும். சர்வரைப் போடாமல் டம்பைப் போட்டது நம் நல்ல நேரம்.

உடன் வேலை பார்க்கும் தம்பி, "ரெண்டு ஜிபி ஸ்வாப் போட்டா முடிஞ்சுதுண்ணா" என்றான். இன்றைக்கு முடியும். டேபிள் வளர வளர எத்தனை ஜிபி போடுவது? வரிவரியாக எழுதிக்கொண்டே போக வேண்டிய டம்புக்கு இவ்வளவு மெமரி எதற்கு என்பதுதான் கேள்வி.

பேக்கப் ஸ்கிரிப்டில் பதில் இருந்தது: 'ஸ்கிப்-ஆப்ட்', அதாவது 'ஆப்ட்' வேண்டாம். மேலே 'டேபிள் லாக் ஆகாமல் இருக்க' என்று ஒரு கமெண்ட். நடை என்னுடையதுதான். 'ஆப்ட்' என்பது தனி ஆள் இல்லை, பல ஆப்ஷன்களின் கூட்டம். டேபிளில் மற்றவர்கள் எழுத முடியாமல் பூட்டும் லாக்கை விரட்டப்போய் 'குவிக்'கையும் சேர்த்து விரட்டியிருக்கிறேன். குவிக் இருந்தால் வரிகளை ஒவ்வொன்றாக வாங்கி எழுதும். இல்லையென்றால் டேபிள் முழுவதையும் மெமரியில் ஏற்றிய பிறகுதான் எழுதவே தொடங்கும். ஸ்கேன் படங்கள் உள்ள டேபிள் 2.6 ஜிபி. சிறியதாக இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை.

'ஸ்கிப்-ஆப்ட்'டை எடுத்துவிட்டு 'சிங்கிள்-டிரான்சாக்‌ஷன்' (பூட்டாமலே ஒரே நேரத்து நிலையைப் படிப்பது) போட்டேன். எல்லாம் அந்த வசதி உள்ள இன்னோடிபி வகை டேபிள்கள், லாக் கவலை இல்லை.

5.3.2025, புதன்
இன்று மெமரி அசையவே இல்லை. ஆனால் பாதி வழியில் 2020 என்று வேறொரு பிழை: பாக்கெட் (ஒரே தடவையில் அனுப்பும் துண்டு) பெரிதாம். வரி எண்ணையும் அதுவே சொல்லிவிட்டது. யாரோ ஒரு ரசீதை 36 எம்பிக்கு ஸ்கேன் செய்திருக்கிறார்கள்! டம்ப் கருவியின் இயல்பான வரம்பு 24 எம்பி. 512 ஆக்கினேன், ஓடி முடிந்தது.

கிரான் ஏன் வாயே திறக்கவில்லை என்பதும் புரிந்தது. டம்பை பைப்பில் (ஒரு நிரல் எழுதுவதை அடுத்ததற்கு ஊட்டும் குழாய்) ஜிஜிப்புக்குக் கொடுக்கிறோம். ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல் பார்ப்பது கடைசியில் நிற்பவனை மட்டும். டம்ப் செத்தாலும் ஜிஜிப் வந்தவரை சுருக்கிவிட்டு 'சரி' என்று போய்விடும். நடுவில் யார் செத்தாலும் தோல்வி என்று சொல்லவைக்கும் 'பைப்ஃபெயில்' சேர்த்தால் 'இல்லீகல் ஆப்ஷன்' என்றது. முதல் வரியில் எஸ்எச் என்று இருந்ததால் உபுண்டு, பைப்ஃபெயில் தெரியாத டாஷ் என்ற ஷெல்லைக் கூப்பிட்டிருக்கிறது. அது தெரிந்த பாஷ் ஷெல் என்று மாற்றினேன். கடைசி வரியில் 'கம்ப்ளீட்டட்' இல்லாவிட்டால் மெயில் வரும்படியும் செய்தாயிற்று.

8.3.2025, சனி
புது டம்பைச் சோதனை மெஷினில் ஏற்றினால் 1153 என்று பிழை. மறுபடியும் பாக்கெட்! 'ஹெக்ஸ்-ப்ளாப்' (ஒரு பைட்டை இரண்டு எழுத்தாக எழுதுவது) போட்டிருப்பதால் 36 எம்பி படம் டம்பில் 72 ஆகிவிடுகிறது. அங்குள்ள சர்வரின் வரம்பு 64. அதையும், டம்பை ஏற்றும் கிளையன்ட்டின் வரம்பையும் உயர்த்தி மறுபடி ஓட்டினேன். மதியச் சாப்பாடு முடித்து வருவதற்குள் ஏறிவிட்டது. இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒன்றுதான், அந்த 36 எம்பி ரசீதும் திறக்கிறது. பெட்ரோல் பில், 400 ரூபாய்.

பிப்ரவரி 12 கோப்பை இன்னும் அழிக்கவில்லை.