கட்சி சாராதது, ஆனால் பக்கம் சாராததா?

அமெரிக்க–சீன வணிகக் கவுன்சில் என்று ஓர் அமைப்பு வாஷிங்டனில் இருக்கிறது. தொடங்கியது 1973-இல். அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங் போய் சீனத் தலைவர் மாவோவைச் சந்தித்துவிட்டு வந்திருந்தார். இரு நாடுகளுக்கும் முறையான தூதரக உறவு வந்ததோ 1979-இல். அதாவது தூதர்களுக்கு முன்பே வியாபாரிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்!

அரசு அமைப்பு அல்ல; சீனாவில் தொழில் செய்யும் அமெரிக்க நிறுவனங்கள் சந்தா கட்டி நடத்துவது. சீனாவில் விதிமுறை மாறினால் உறுப்பினர்களுக்கு விளக்குவார்கள், ஆண்டுதோறும் அவர்களிடம் கருத்துக்கணிப்பு எடுப்பார்கள்.

எனக்குப் பிடித்தது இன்னொரு வேலை. அமெரிக்காவின் எந்த நாடாளுமன்றத் தொகுதியிலிருந்து சீனாவுக்கு எவ்வளவு ஏற்றுமதி ஆகிறது என்று தொகுதிவாரியாகக் கணக்குப் போட்டு வெளியிடுகிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான். சீனப் பொருள்களுக்கு வரி போட வேண்டும் என்று முழங்கும் உறுப்பினருக்கு, அவர் தொகுதி சோயா விவசாயி எங்கே விற்கிறார் என்பது எண்ணாகவே கண்முன் வந்துவிடும். 2018 ஜூலையில் அமெரிக்க வரிக்குப் பதிலடியாக சீனா சோயாவுக்கு 25 சதவீதம் கூடுதல் வரி போட்டபோது வலித்தது அந்த விவசாயிகளுக்குத்தான்.

கவுன்சில்காரர்கள் தங்களைக் கட்சி சாராதவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். சரி, குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி இரண்டிடமும் பேசுகிறார்கள். அதற்காக நடுநிலை என்று நான் சொல்லமாட்டேன். சந்தா கட்டுபவர்களுக்குச் சீனச் சந்தை வேண்டும். அறிக்கைகளை அந்த நினைப்போடுதான் படிக்கிறேன்.