பிரித்துத் தைக்கும் ஆடை

ஜூன் 2

உள்ளங்கி முடிந்தது. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெண்கள் எல்லா உடுப்புக்கும் அடியில் அணிந்த லினன் ஆடை இது. முன்னும் பின்னும் ஒரே நீளத் துணியாகத் தோளில் மடிந்து விழுவதால் தோள்தையலே கிடையாது. கைகள் நீள்சதுரம், அக்குளில் ஒரு சிறு சதுரம், கீழே விரிவு கிடைக்கப் பக்கங்களில் முக்கோணத் துண்டுகள். கழுத்தைத் தவிர வளைந்த வெட்டு எங்கும் இல்லை என்பதால் வெட்டுத்துணி ஏறக்குறைய மிஞ்சவேயில்லை. அக்கா அணிந்து பார்த்துவிட்டு, மருத்துவமனை அங்கியைவிட இது எவ்வளவோ மேல் என்றாள்.

ஜூன் 5

இன்றும் அழைப்பு வரவில்லை.

ஜூன் 6

உள்ளங்கிக்கு மேல் உடலை இறுக்கிப் பிடிக்கும் விறைப்பான கச்சின் முதுகில் நாடா கோக்கும் துளைகளைத் தொடங்கியிருக்கிறேன். உலோக வளையம் பதித்த துளைகள் 19ஆம் நூற்றாண்டில்தான் வழக்கத்துக்கு வந்தன. அதற்கு முன் ஒவ்வொரு துளையும் கையால் கட்டப்பட்டது. துணியை வெட்டவே கூடாது. குத்தூசியை மெல்லச் சுழற்றி இழைகளை விலக்கி, விலகிய இழைகளைச் சுற்றிலும் நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். வெட்டிய துளை நாடாவின் இழுப்பில் நாளடைவில் கிழிந்துவிடும். விலக்கிய துளையில் அறுபடாத இழைகள் அந்த இழுப்பைத் தாங்கிக்கொள்ளும். இரு பக்கத் துளைகளும் நேருக்கு நேர் நிற்காமல் அரை இடைவெளி தள்ளி அமைவதற்கும் காரணம் உண்டு: அங்கே குறுக்குக் கட்டு இல்லை, ஒரு முனையில் கட்டிய ஒற்றை நாடா சுருளாக ஏறிச் செல்கிறது, தளர்த்தவும் இறுக்கவும் அந்த ஒற்றை நாடாவே போதும். அக்காலத்தில் கச்சுக்கு விறைப்பைத் தந்தது திமிங்கிலத்தின் வாயில் வளரும் நார்த்தகடு. என்னிடம் இருப்பவை மின்கம்பிகளைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகள். பார்க்க அசிங்கம், வேலைக்குத் தங்கம்.

ஜூன் 11

அக்காவின் இடுப்பளவு மறுபடியும் குறைந்திருக்கிறது. அளவுநாடாவை அவள் கண்ணில் படாதபடி மடித்து வைத்தேன், ஆனால் அவள் எண்ணைக் கேட்கவேயில்லை. சென்ற மாத அளவுக்கு வெட்டிய கச்சு இது. முதுகில் இரு விளிம்புகளுக்கும் நடுவே இடைவெளி இருக்கும்படிதான் கச்சு தைக்கப்படும் என்பதால் இன்னும் சிறிது இறுக்க இடமிருக்கிறது. எவ்வளவு இடம் என்பதையே இரவு முழுவதும் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். விளிம்புகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் அதன் பிறகு நாடாவால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

ஜூன் 12

தேன்மெழுகு தீர்ந்துவிட்டது, மெழுகு தடவாத லினன் நூல் முறுக்கிக்கொண்டு முடிச்சு விழுகிறது, எனக்கும் இன்று எதன் மீதும் பொறுமை இல்லை.

ஜூன் 17

அருங்காட்சியகங்கள் வெளியிட்டிருக்கும் பழைய கவுன்களின் உட்புறப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெளியே பட்டும் மடிப்பும் மின்னும் ஆடையை உள்ளே திருப்பினால், பாவாடையின் நீளத் தையல்கள் பெரிய பெரிய நூலோட்டங்களாக, அவசரமாகப் போடப்பட்டிருக்கின்றன. உடல் இழுக்கும் இடங்களில் மட்டும் நெருக்கமான பின்தையல். இதைச் சோம்பல் என்று எண்ணுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்நாளில் தையற்கூலியைவிடத் துணியின் விலை மிக அதிகம். ஆகவே துணியை வெட்டுவதற்குப் பதில் மடித்தார்கள், மடித்ததைப் பிரிக்க எளிதாகத் தைத்தார்கள், பிரித்ததை உடல் பெருத்தபோதும் இளைத்தபோதும் பாணி மாறியபோதும் மீண்டும் தைத்தார்கள். பல ஆடைகளில் பழைய தையலின் ஊசித்தடங்கள் இன்றும் வரிசையாகத் தெரிகின்றன. எலியாஸ் ஹோவ் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1846இல். அதற்கு முந்தைய ஆடையை இயந்திரத்தில் தைத்தால் பாவம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இயந்திரத்தின் இரட்டை நூல் பூட்டைப் பிரிப்பது எவ்வளவு துன்பம் என்று ஒருமுறை பிரித்தவர்களுக்குத் தெரியும். எனக்கு இப்போது பிரிக்கக்கூடிய தையல்தான் வேண்டும். பக்கத் தையல்களில் இரண்டு விரற்கடை துணியை உள்ளே விடப்போகிறேன், அவள் மறுபடியும் பெருப்பாள் என்பதற்காக.

ஜூன் 20

இன்று ஊசியைத் தொடவில்லை. கவுனுக்குச் சின்ட்ஸ் துணிதான் வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருக்கிறாள். வெள்ளைப் பருத்தியில் கொடிகள் படர்ந்து சிவப்பு மலர்கள் பூத்திருக்க வேண்டுமாம். அவளுக்குப் படித்துக் காட்டினேன். சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து சாயமேற்றி ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய துணி அது. படிகாரம் தடவிய இடத்தில் மட்டுமே சாயவேரின் சிவப்பு பற்றும். நீலம் வேண்டாத இடங்களை எல்லாம் மெழுகால் மூடிவிட்டு அவுரித் தொட்டியில் முக்குவார்கள். துவைத்தாலும் போகாத அந்த நிறத்தோடு போட்டியிட முடியாத நெசவாளர்கள் அரசுகளை நெருக்கினர். பிரான்சில் 1686 முதல் 1759 வரை தடை இருந்தது. 1719இல் லண்டன் தெருக்களில் இத்தகைய ஆடை அணிந்து சென்ற பெண்களின் உடுப்புகளை நெசவாளர்கள் கிழித்தார்கள். 1721இல் இங்கிலாந்தும் அதை அணியத் தடை விதித்தது. “தடை செய்தார்களா? அப்படியானால் எனக்குக் கட்டாயம் அதுதான் வேண்டும்” என்றாள். என்னிடம் இருப்பது இயந்திரத்தில் அச்சிட்ட போலி. அதை அவளிடம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஜூன் 24

அழைப்பு வந்தது. செவ்வாய்க்கிழமை.

ஜூன் 25

கவுனுக்குத் தாளில் வடிவம் வரைவதில்லை என்பது இன்று எனக்குப் பெரிய நிம்மதி. முதலில் லைனிங்கை ஆளின் மேலேயே பொருத்திப் பார்த்து ஊசி குத்தி, அதன் மேல் வெளித்துணியை மடிப்பு மடிப்பாக அமைத்துத் தைக்க வேண்டும். அளவு என்பது இன்றைக்கு, இந்த நேரத்தில், அவள் நிற்கும் நிலையில் இருப்பதுதான். முதுகு மடிப்புகள் இடுப்பில் வெட்டுப்படாமல் அப்படியே பாவாடையாக இறங்குகின்றன. முன்பக்கத்தில் பொத்தான் இல்லை, வெறும் குண்டூசிகள், ஆகவே அரை அங்குலம் இளைத்தாலும் குண்டூசியை நகர்த்தினால் போதும். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள், முதுகு முடிவதற்குள் உட்கார வேண்டும் என்றாள்.

ஜூன் 28

கைகளைத் தைத்து வைத்துவிட்டேன். கையின் கீழ்ப்பாதியை மட்டும் அக்குளில் பின்தையலால் பிணைத்திருக்கிறேன். மேற்பாதியை ஆடை உடலில் இருக்கும்போதுதான் தோள்பட்டியின் லைனிங் மேல் சிறு மடிப்புகளாகக் குத்தி அமைக்க முடியும். அதன் விளிம்பை மூடிக்கொண்டு வெளித்துணித் தோள்பட்டி கடைசியாக வரும். இதை மேசை மேல் வைத்துச் செய்ய வழியே இல்லை. உட்கார்ந்த நிலையில் செய்யலாமா என்று பார்க்க வேண்டும், தோளும் புயமும் மட்டும் நேராக இருந்தால் போதும் என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை காலையில் அவளுக்குக் களைப்பு குறைவாக இருக்கும், வலது தோளையாவது முடித்துவிடலாம்.