கிரீஸ் டிராப்பும் ஒரு மூங்கில் கழியும்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் உள்ள ஒரு கடைவீட்டில் நானும் என் மைத்துனரும் பல ஆண்டுகளாக வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்தி வருகிறோம். தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை மதியம், ஒரு மேசைகூடக் காலியில்லாத வேளையில், பின்சந்தில் இருந்த மேன்ஹோல் மூடியின் விளிம்பில் சாம்பல் நிறத் தண்ணீர் கசியத் தொடங்கி, சற்று நேரத்தில் பொங்கிப் பக்கத்து மளிகைக் கடையின் பின்வாசல் வரை வந்துவிட்டது.

குழாய் பழுதுபார்ப்பவர் உயர் அழுத்தத்தில் தண்ணீர் பாய்ச்சியபோது வெள்ளைக் கட்டிகள் உடைந்து வெளியே வந்தன. மெழுகைப் போலிருந்த ஒரு கட்டியை அவர் கையுறையோடு எடுத்துக் காட்டினார். அதற்குள் ஒரு கறிவேப்பிலையும் ஒரு கிராம்பும் பதிந்திருந்தன. அது எங்கள் சமையலறையிலிருந்து வந்ததல்ல என்று வாதாட எனக்கு வழியில்லாமல் போயிற்று.

இத்தனைக்கும் விதிப்படி எங்களிடம் கிரீஸ் டிராப், அதாவது சமையலறைக் கழிவுநீர் தெருக்குழாய்க்குப் போகுமுன் கொழுப்பைப் பிடித்து வைக்கும் தொட்டி, இருந்தது. எண்ணெய் மிதக்கும், கசடு அடியில் படியும், தடுப்புகளுக்கு இடையே தண்ணீர் மட்டும் கீழ்வழியாக வெளியேறும் என்பதுதான் அதன் வேலை. ஆனால் அதற்குத் தண்ணீர் உள்ளே சிறிது நேரம் நின்று ஆற வேண்டும். நாங்களோ ஒவ்வோர் இரவும் கொதிநீரையும் கடுமையான சோப்புத் திரவத்தையும் ஊற்றி, கழுவுதொட்டி அடைப்பில்லாமல் ஓடுகிறது என்று மகிழ்ந்திருந்தோம். உருகிய ஆட்டுக் கொழுப்பும் வனஸ்பதியும் டிராப்பைத் தாண்டிப் போய், தெருக்குழாயில் ஆறி மறுபடியும் உறைந்தன. அங்கே கொழுப்பு அமிலங்கள் கால்சியத்தோடு சேர்ந்து ஒருவகைச் சோப்பாக மாறிக் கெட்டிப்பட்டுவிட்டால், பிறகு எந்த வெந்நீருக்கும் அது அசையாது.

சிங்கப்பூரில் மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனியானவை. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. 2003 முதல் நாம் அறிந்திருக்கும் நியூவாட்டர் என்ற மறுசுழற்சி நீர் அதிலிருந்தே கிடைக்கிறது. மேன்ஹோல் பொங்கினால் அந்தத் தண்ணீர் சந்து ஓரத்து வடிகாலில் இறங்கிவிடும். அந்த வடிகால் போய்ச் சேரும் ரோச்சோர் கால்வாய், குடிநீருக்கான மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது என்பது எனக்கு முன்பே தெரியும். அன்று அந்தச் சாம்பல் நிறத் தண்ணீர் வடிகாலை நோக்கி ஓடுவதைப் பார்த்தபோதுதான் அது உறைத்தது.

விசாரிக்க வந்த அதிகாரி முதலில் கேட்டது துப்புரவுப் பதிவேட்டை. மாதம் ஒருமுறை வந்தவர்கள் மேலே மிதந்ததை மட்டும் உறிஞ்சிவிட்டு அடிக்கசடை விட்டுச் சென்றிருக்கிறார்கள். நான் மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உரிமம் பெற்ற வேறொரு கழிவு சேகரிப்பு நிறுவனத்தை அமர்த்தி, டிராப்பை முழுவதுமாகக் காலி செய்தோம். அதன் பிறகு குழாய் பழுதுபார்ப்பவர் சொன்னபடி தினமும் காலையில் ஒரு மூங்கில் கழியை உள்ளே இறக்கி, மேலுள்ள கொழுப்பையும் அடியிலுள்ள கசடையும் அளந்து எழுதி வைத்தேன். இரண்டும் சேர்ந்து மொத்த ஆழத்தில் கால் பங்கை எட்டும் முன்பே காலி செய்துவிட வேண்டும் என்பது அவர் சொன்ன கணக்கு. எங்கள் கடையில் எட்டாம் நாளே அந்தக் கோடு வந்துவிட்டது. ஆகவே இப்போது வாரம் ஒருமுறை காலி செய்கிறோம். செலவு கூடியதில் மைத்துனருக்கு இன்னும் வருத்தம்தான்.

கழுவும் இடத்தில்தான் அதிகம் போராட வேண்டியிருந்தது. “அண்ணே, வெந்நீர் ஊத்தலேன்னா குழம்புச் சட்டியில பிசுக்கு போகாது” என்றார் பாத்திரம் கழுவுபவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனவே சட்டியை முதலில் ரப்பர் தகட்டால் வழித்து, தாளால் துடைத்து, அந்தத் தாளைக் குப்பையில் போட்ட பிறகே கழுவுவது என்று முடிவு செய்தோம். வாழையிலையில் மிஞ்சியதை இலையோடு சுருட்டிப் போட்டுவிடலாம் என்பது நம் சாப்பாட்டில் உள்ள ஒரு வசதி. வடை பொரித்த எண்ணெய் தனி டின்னுக்குப் போகிறது. அதை விலைக்கு வாங்கிக்கொள்ள ஆள் வருகிறார்.

இப்போது லாரி வரும்போது, டிராப்பின் தரை கண்ணில் படும்வரை டார்ச் விளக்கோடு அருகிலேயே நிற்கிறேன். அதன் பிறகே கையெழுத்து. போன வாரம் அடிக்கசடிலிருந்து எங்கள் கடைக் கரண்டிகள் இரண்டு கிடைத்தன.