காயட்டும், பிறகு சூளை

உப்புவெளியில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் மட்பாண்டப் பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் சக்கரத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். சுழலும் களியில் கை வைக்கிற சுகம் அப்படி. ஆனால் என்னைக் கேட்டால், இந்த ஊரில் கட்டாயம் கற்க வேண்டிய பாடம் காயவைப்பது.

எங்களிடம் இருப்பது ஒரேயொரு பொது மின்சூளை. மின்சாரம் விற்கிற விலைக்கு, ஒருவருடைய நாலு கிண்ணத்துக்காக அதைப் போட முடியாது. எல்லோருடைய சாமானும் சேர்ந்து சூளைத் தட்டுகள் நிரம்ப வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளையின் அகல் விளக்கும் ஓய்வுபெற்ற ரீச்சரின் பூச்சாடியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அதில் ஒன்று ஈரத்தோடு உள்ளே போனால், 100 பாகை செல்சியஸைத் தாண்டும்போது மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் நீராவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரியப் பார்க்கும். வெளியேற வழி போதாவிட்டால் பாத்திரம் வெடித்து, அயலில் இருப்பதையும் உடைக்கும். காற்றுக்குமிழிதான் காரணம் என்று பலர் நம்புகிறார்கள். இல்லை, ஈரம்தான். உங்கள் கிண்ணத்தை நன்றாகக் காயவிடுவது பக்கத்துப் பிள்ளையின் விளக்குக்கு நீங்கள் கொடுக்கும் மரியாதை.

திருகோணமலைக் காலநிலை இதில் நன்றாகவே விளையாடும். ஆனி ஆடியில் கச்சான் என்கிற வறண்ட காற்று வீசும்போது விளிம்பு மளமளவென்று காய்ந்து சுருங்கிவிடும். அடி இன்னும் ஈரமாக இருக்கும், அதனால் வெடிப்பு விழும். அந்த நாட்களில் பழைய பருத்திச் சீலைத் துண்டை நனைத்து, நன்றாகப் பிழிந்து விளிம்பில் சுற்றி, மேலே பொலித்தீன் போட்டு மூடி வைக்கிறோம். மாரி பிறந்தால் நிலைமை தலைகீழ். வெளியே காய்ந்த மாதிரித் தெரியும், உள்ளே பச்சையாகவே இருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க எங்களுக்குச் சொல்லித் தந்தவர், ஊரில் பானை வனைந்து பிள்ளைகளை வளர்த்த ஒரு ஐயா. பாத்திரத்தைத் தூக்கிக் கன்னத்தில் வைப்பார்.

"குளிருதெண்டால் இன்னும் தண்ணி இருக்கு பிள்ளை, அவசரப்படாதேங்கோ."

ஈரம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்வதால்தான் அந்தக் குளிர்ச்சி. தட்டுப்பலகையால் வெளியே தட்டி, உள்ளே கல்லைக் கொடுத்து, பானையின் அடியை அவர் உருட்டி எடுப்பதைப் பார்த்தால் சக்கரத்தை மறந்துவிடுவீர்கள். அவரைப் போன்றவர்களை ஒருநாள் விருந்தாளியாகக் கூப்பிட்டு, படம் எடுத்து, பொன்னாடை போர்த்தி அனுப்புவது எனக்குப் பிடிக்காது. ஆசிரியருக்குரிய சம்பளம் கொடுக்க வேண்டும், கொடுக்கிறோம். வகுப்புக் கட்டணத்தில் ஒரு பங்கு அதற்குத்தான்.

சூளை ஆறுவதற்கும் இதே பொறுமை வேண்டும். மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்கிற கனிமம் 573 பாகையில் சட்டென்று தன் அளவை மாற்றும். சூடு ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தை மெதுவாகக் கடக்காவிட்டால் கீறல் விழும். சூடாக இருக்கும்போதே கதவைத் திறந்து பார்க்கக் கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில்.

அப்புறம், எல்லாவற்றுக்கும் பளபளவென்று மெருகு பூச வேண்டும் என்று நினைக்காதீர்கள். எருமைத் தயிர் கட்டியாக உறைவதற்கு, பூச்சில்லாத சட்டி தண்ணீரை உறிஞ்சுவதும் ஒரு காரணம். தயிர்ச் சட்டி செய்ய ஆசைப்படுகிறவர்கள் மாரிக்கு முன்னமே வாருங்கள். காயவைக்க வெயில் இருக்கிறது, சூளைத் தட்டிலும் இடம் இருக்கிறது.