மனைவியின் விசாவில் கணவரும் போகலாம்

நான் மட்டக்களப்பில் கணிதம் படிப்பித்த அரச பாடசாலை ஆசிரியை. 2022 ஜூனில் வெளியான 14/2022 ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லாமல் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு செல்ல அரச ஊழியர்களை அனுமதித்தபோது, அதைப் பயன்படுத்தி ஐக்கிய அரபு அமீரகத்துக்கு வந்தேன். கல்லடியிலிருந்தும் கல்முனையிலிருந்தும் இப்போது என்னை அழைத்துப் பேசும் ஆசிரியர்கள் சம்பளத்தைவிட, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்பதையே அதிகம் கேட்கிறார்கள்.

முடியும். ஆனால் உங்கள் வேலை விசா வேறு, குடும்பத்தின் விசா வேறு. முதலாவதைப் பாடசாலை எடுத்துத் தரும். இரண்டாவதற்கு நீங்களே பொறுப்பாளி. எனக்கு வேலை ஒழுங்கு செய்த முகவர் "குடும்பத்தோடு போகலாம்" என்றார். அது பொய்யல்ல. எவ்வளவு சம்பளம் வேண்டும், செலவு யாருடையது என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அமீரகத்தில் மாதச் சம்பளம் 4,000 திர்ஹமாகவோ, தங்குமிடத்துடன் 3,000 திர்ஹமாகவோ இருந்தால் வாழ்க்கைத்துணையையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம். முன்பு தொழிலையும் பார்த்தார்கள். 2019 முதல் வருமானமே அளவுகோல், பெண்ணுக்கும் அதுவேதான். என் பெயரில் கணவர் வந்து சேர்ந்ததைச் சக ஆசிரியைகள் சிலர் வியப்போடு பார்த்தார்கள். கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியேறுவதே வழக்கமான ஊரில் பிறந்த எங்களுக்கு அதில் புதினம் எதுவும் தெரியவில்லை. பாடசாலை தந்த பகிர்வு அறைதான் தடையாக இருந்தது. குடும்பத்துக்கென்று தனி வாடகை ஒப்பந்தம் வேண்டும், துபாயில் அதை 'இஜாரி' முறையில் பதிவும் செய்ய வேண்டும்.

என்னை அதிகம் அலைக்கழித்தவை பத்திரங்கள். விவாகச் சான்றிதழும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் எங்கள் பகுதியில் தமிழில் இருப்பதால் அவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மொழிபெயர்த்து, வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தி, பின்னர் கொழும்பிலுள்ள அமீரகத் தூதரகத்திலும், கடைசியாக அமீரக வெளிவிவகார அமைச்சிலும் முத்திரை பெற வேண்டும். மகளின் பத்திரத்தில் என் தகப்பனாரின் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை'யை மொழிபெயர்ப்பாளர் தனிச் சொல்லாகப் பிரித்து எழுதியிருந்தார். என் கடவுச்சீட்டிலோ அது ஒரே சொல். அதைக் கவனிக்காமல் கையெழுத்து வைத்து வாங்கிக்கொண்டது என் பிழை. மறுபடியும் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் வந்ததில் ஒரு மாதம் வீணாயிற்று. இரண்டாம் முறை எல்லோருடைய கடவுச்சீட்டுப் பிரதிகளையும் சேர்த்தே கொடுத்து, அதிலுள்ள எழுத்துக்கூட்டலையே பின்பற்றும்படி கேட்டேன்.

சவூதி அரேபியாவுக்குப் போகிறவர்கள் வேறொரு கணக்குப் போட வேண்டும். அங்கே தனியார் துறையில் வேலை செய்பவர், உடன் வாழும் ஒவ்வொருவருக்கும் மாதம் 400 ரியால் கட்டணம் செலுத்துகிறார். மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு 14,400 ரியால். சம்பளக் கடிதத்தில் இந்தத் தொகை தென்படாது.

ஐக்கிய இராச்சியத்தில் திறன்மிகு தொழிலாளர் விசா பெறும் ஆசிரியர் வாழ்க்கைத்துணையையும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் அழைக்கலாம். துணைவர் வேலையும் செய்யலாம். ஆசிரியப் பயிற்சி என்று நினைத்து மாணவர் விசாவில் போனால் நிலைமை வேறு: 2024 ஜனவரி முதல், ஆய்வுப் பட்டம் அல்லாத பெரும்பாலான படிப்புகளுக்குக் குடும்பத்தை அழைக்க இடமில்லை.

கல்முனையிலிருந்து கேட்ட ஒருவருக்கு, ஐக்கிய இராச்சிய விசாவோடு கட்ட வேண்டிய சுகாதாரக் கட்டணத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தேன். வளர்ந்தோருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண், பிள்ளைக்கு 776. மூன்று ஆண்டு விசா என்றால் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் 7,761 பவுண், அதுவும் விண்ணப்பிக்கும்போதே. விசாக் கட்டணம் தனி. குடும்பம் பின்னர் விண்ணப்பித்தும் போய்ச் சேரலாம் என்பதால், முதலில் தனியாகப் போய் ஒரு வருடம் சேமிப்பதென்று அவர் முடிவெடுத்திருக்கிறார்.